கட்டைவிரல் அளவு போட்டோ, அரை எம்பி எடை: வண்ண ப்ரொஃபைலைக் கழற்றும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நான் நடத்துவது போட்டோ ஸ்டுடியோவும் நெட் சென்டரும் சேர்ந்த ஒற்றை அறைக் கடை. குரூப் 4 அறிவிக்கை வந்துவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளிப் பிள்ளைகள் காலையிலேயே வாசலில் நிற்பார்கள். விண்ணப்பம் நிரப்ப அவர்களுக்கு நான் தேவையில்லை. போட்டோ ஏற்றும் பக்கத்தில்தான் வண்டி நின்றுவிடும். "அண்ணே, சைஸ் ஜாஸ்தின்னு சொல்லுது."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஏழெட்டு விதமான கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது, படத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும் வண்ண ப்ரொஃபைலை. அதை எப்போது கழற்றலாம், எப்போது தொடக் கூடாது, கழற்றிய பிறகு படம் கோணலானால் என்ன செய்வது என்பதைக் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்தே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டாதீர்கள்.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சரி, "சிவப்பு 219" என்றால் எந்தச் சிவப்பு? மூன்று படி அரிசி என்று யாராவது சொன்னால், பட்டணம் படியா ஊர்ப் படியா என்று கேட்டுவிட்டுத்தான் என் பாட்டி சாக்கைப் பிரிப்பாள். எந்தப் படியால் அளந்தது என்று சொல்லும் சீட்டுதான் ஐசிசி ப்ரொஃபைல். அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 1993-இல் தொடங்கிய சர்வதேச வண்ணக் கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபிதான் இன்று இணையத்தின் பொதுப் படி.

சீட்டே இல்லாமல் ஒரு படம் வந்தால் உலாவிகள் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். நமக்குச் சாதகமான விஷயம் இதுதான். படம் ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபியில் இருந்தால் சீட்டைக் கிழித்தாலும் நிறம் மாறாது. வேறு படியில் அளந்த படம் என்றால் முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு அளந்து மாற்ற வேண்டும், அப்புறம்தான் கிழிக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததால் வந்தவை.

"படம் சின்னதுதான், ஆனா அரை எம்பிக்கு மேல காட்டுது"

போன வருடம் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஒரு பெண் வந்தாள். வேறு ஊர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைப் பென்டிரைவில் வைத்திருந்தாள். அகலம் 200, உயரம் 230 பிக்சல், கேட்ட அளவேதான். எடை 590 கேபி. தளம் கேட்டதோ 20 முதல் 50 கேபிக்குள். அவளும் சும்மா இருக்கவில்லை. போனில் ஒரு சுருக்கும் செயலியைப் போட்டு, தரத்தை 80, 50, 10 என்று இறக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. எடை 550-க்குக் கீழே இறங்கவே இல்லை.

தரத்தைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்றால் கனம் படத்தில் இல்லை, படத்தோடு ஒட்டி வந்த வேறு ஏதோ ஒன்றில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். அகலத்தை உயரத்தால் பெருக்கி, வரும் விடையை 3-ஆல் பெருக்குங்கள். 200 × 230 × 3 என்றால் 1,38,000 பைட், அதாவது 135 கேபி. துளிகூடச் சுருக்காமல் வைத்தாலே அந்தப் படத்துக்கு அவ்வளவுதான் இடம் வேண்டும். அப்படியிருக்க, சுருக்கிய ஜேபிஜி 590 கேபி இருக்கிறது என்றால், மீன் பெட்டியை ஐஸோடு தராசில் ஏற்றியிருக்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தனி மென்பொருள்கூட வேண்டாம். படத்தின் நகல் ஒன்றை நோட்பேடில் திறங்கள். புரியாத குறிகளாகக் கொட்டும். கன்ட்ரோல் எஃப் அழுத்தி, ஐசிசி, அண்டர்ஸ்கோர், ப்ரொஃபைல் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்துத் தேடுங்கள். ஒரே முறை வந்தால் சின்ன ப்ரொஃபைல். அந்தப் பெண்ணின் படத்தில் ஒன்பது முறை வந்தது. ஜேபிஜியில் ஒரு துண்டு 64 கேபியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் பெரிய ப்ரொஃபைலை வெட்டி வெட்டி ஒன்பது துண்டாக அடுக்கியிருந்தது. பக்கத்திலேயே அமெரிக்க ஆஃப்செட் அச்சுக்கான சிஎம்ஒய்கே, அதாவது நான்கு மை அச்சு ப்ரொஃபைலின் பெயரும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ப்ரொஃபைல் மட்டும் 5,57,168 பைட், அதாவது 544 கேபி. பார்த்து முடித்ததும் சேவ் கொடுக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேவ் கொடுத்தால் படம் செத்தது, நகலில் செய்யச் சொன்னது அதற்காகத்தான்.

நடந்தது இதுதான். அந்த ஸ்டுடியோக்காரர் அச்சுத் தாளுக்காகப் படத்தைச் சிஎம்ஒய்கேயில் வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு முகத்தை வெட்டி ஜேபிஜியாகச் சேமித்தபோது ப்ரொஃபைலும் கூடவே வந்துவிட்டது. அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அச்சுக்கு அப்படித்தான் வேண்டும். எஸ்ஆர்ஜிபிக்கு மூன்று நிறங்களும் ஒரு வளைவும் போதும். சிஎம்ஒய்கே ப்ரொஃபைலில் நான்கு மைகளின் கலவைகளுக்கும், போக ஒன்று வர ஒன்று என்று, பெரிய பெரிய அட்டவணைகள் இருக்கும். ஐரோப்பிய ஆஃப்செட்டுக்கான ஃபோக்ரா 39 இன்னும் கனம், 640 கேபியை ஒட்டி வரும்.

சரிசெய்யும் விதம்: போட்டோஷாப் இருந்தால் எடிட் மெனுவில் கன்வெர்ட் டு ப்ரொஃபைல் போய் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்திலேயே அசைன் ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கும், இப்போது அதைத் தொட வேண்டாம். பிறகு சேவ் ஆஸ் பெட்டியின் கீழே ஐசிசி ப்ரொஃபைல் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். சிஎம்ஒய்கே ஜேபிஜியைத் திறக்கும்போதே அது ஆர்ஜிபிக்கு மாற்றிவிடும். எக்ஸ்போர்ட் பெட்டியில் சேவ் கலர் ப்ரொஃபைல் டிக்கை எடுத்தால் போதும்.

அவள் பென்டிரைவில் இருந்த மூலத்தில் இதைச் செய்தேன். தரம் 90-இல் வைத்தும் 30 கேபிக்குள் வந்தது. கட்டம் கட்டமாக உடைந்த நகலை ஒன்றும் செய்ய முடியாது. அதை அழிக்கச் சொன்னேன்.

"ப்ரொஃபைலை எடுத்தேன், போட்டோ நெகட்டிவ் மாதிரி ஆயிடுச்சு"

மேலே சொன்ன படத்தையே மாற்றாமல், அப்படியே கழற்றியவர்களுக்கு வருவது இது. இதில் இரண்டு வகை உண்டு.

கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் புரண்டிருந்தால் முதல் வகை. அடோபி மென்பொருள்கள் சிஎம்ஒய்கே ஜேபிஜியில் மையின் எண்களைத் தலைகீழாக எழுதும். அப்படி எழுதியிருக்கிறது என்பதற்கு ஒரு சின்ன அடையாளத்தைத் தனித் துண்டில் வைக்கும். எல்லாவற்றையும் ஒட்டத் துடைக்கும் கருவிகள் அந்த அடையாளத்தையும் துடைத்துவிட்டால், படத்தைக் காட்டும் செயலிக்குத் தலை எது கால் எது என்று தெரியாமல் போகும். படத்தோடு ஒட்டியதைப் படிக்கவும் அழிக்கவும் உதவும் எக்ஸிஃப்டூல் என்ற கருவி இந்த விஷயத்தில் பொறுப்பான பிள்ளை. எல்லாவற்றையும் அழி என்று சொன்னாலும் அந்த அடையாளத்தை மட்டும் விட்டுவைக்கும்.

முகம் நெகட்டிவ் ஆகாமல், திருவிழா சீரியல் லைட் மாதிரிப் பளீரென்று அடித்தால் இரண்டாவது வகை. எந்த மை, எந்தக் காகிதம் என்ற விவரம் போய்விட்டதால் செயலி குத்துமதிப்பாக மாற்றியிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மூலப் படத்துக்குத் திரும்பிப் போய் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். கெட்டுப்போன நகலை வைத்துக்கொண்டு நிறத்தைத் திருகிக்கொண்டிருப்பதில் பொழுதுதான் போகும்.

"கடல் வெளுத்துப் போச்சு, மிளகாய் சோர்ந்து போச்சு"

இதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். எதுவும் உடைந்த மாதிரித் தெரியாது. முகம் முகமாக இருக்கும், படகு படகாக இருக்கும், நிறம் மட்டும் ஒரு சுற்று இறங்கியிருக்கும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

ராமேஸ்வரத்தில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர், தன் இணையதளத்துக்காக அரிச்சல்முனையில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தார். தனுஷ்கோடி ரோட்டின் இரண்டு பக்கக் கடலும் பங்குனி வெயிலில் என்ன நிறத்தில் இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் எடையைக் குறைக்கிறேன் என்று எல்லாப் படத்திலும் ப்ரொஃபைலைக் கழற்றியிருந்தார். "தம்பி, கடல்ல பாலை ஊத்தின மாதிரி இருக்கு" என்றார் இவர். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

ஏன் பால் ஊற்றிய மாதிரி? படங்கள் அடோபி ஆர்ஜிபியில் இருந்தன. 1998-இல் அடோபி கொண்டுவந்த அந்தப் படி, பச்சை, பச்சை நீலப் பக்கம் எஸ்ஆர்ஜிபியை விட அகலமானது. எஸ்ஆர்ஜிபியில் 0, 255, 255 என்று எழுதும் பளீர் பச்சை நீலத்தை அடோபி ஆர்ஜிபியில் 144, 255, 255 என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே நிறம், படிதான் வேறு. சீட்டைக் கிழித்துவிட்டால் அந்த 144-ஐ உலாவி எஸ்ஆர்ஜிபியின் 144-ஆகவே படிக்கும். இல்லாத சிவப்பு 144 அளவுக்கு உள்ளே நுழைகிறது, கடல் வெளுக்கிறது. சிவப்புக்கும் அதே கதைதான். எஸ்ஆர்ஜிபியின் 255, 0, 0 அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0. சீட்டு போனதும் சிவப்பு மங்குகிறது.

ஐஃபோன் படங்களில் இதே கோளாறு இன்னும் நைசாக வரும். 2016-இல் வந்த ஐஃபோன் 7 முதல் அவை டிஸ்ப்ளே பி3 என்ற படியில் எடுக்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு பி3-இல் 234, 51, 35 என்று எழுதப்படும். ப்ரொஃபைல் போய்விட்டால் உலாவி காட்டுவது அந்த 234, 51, 35-ஐத்தான். காய்ந்து கறுஞ்சிவப்பாக இருந்த மிளகாய், போன வருடத்துப் பழைய சரக்கு மாதிரி ஆரஞ்சுச் சாயலோடு சோர்ந்து நிற்கும். மிளகாய் வியாபாரிக்கு நிறம்தான் விலை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அடோபி ஆர்ஜிபி ப்ரொஃபைலின் எடை 560 பைட். டிஸ்ப்ளே பி3-ம் கிட்டத்தட்ட அதே. ஒரு கேபியில் பாதி! கழற்றினால் நிறம் கெடும் இந்த இரண்டு ப்ரொஃபைல்களும் எடையே இல்லாதவை. எல்லோரும் வைத்திருக்கும் எச்பியின் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல்தான் 3,144 பைட், அதைக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. ஆகவே பி3, அடோபி ஆர்ஜிபிப் படங்களில் எடையைக் குறைப்பதற்காக ப்ரொஃபைலைக் கழற்றாதீர்கள். வேறு காரணத்துக்காகக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். கிம்பில் இப்படிப் படத்தைத் திறக்கும்போது, வைத்துக்கொள்ளவா, மாற்றவா என்று அதுவே கேட்கும். கன்வெர்ட் என்பதை அழுத்துங்கள். வழக்கமாக அவசரத்தில் கீப் அழுத்திவிட்டு, கடைசியில் ப்ரொஃபைலை உரித்துவிடுகிறோம், கடல் அங்கேதான் வெளுக்கிறது.

ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள், மூலமும் இல்லை என்றால்? எந்த ப்ரொஃபைல் இருந்தது என்று தெரிந்தால் காப்பாற்றலாம். மேலே தொட வேண்டாம் என்று சொன்ன அசைன் ப்ரொஃபைலுக்கு இங்கேதான் வேலை. முதலில் அசைன் கொடுத்து அடோபி ஆர்ஜிபி என்று சொல்லுங்கள். எண்கள் மாறாது, கடல் மட்டும் உடனே பழைய நிறத்துக்குத் திரும்பும். அப்புறம் கன்வெர்ட் கொடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். விடுதிக்காரரின் நாற்பது படங்களையும் இப்படித்தான் மீட்டேன். கேமராவில் இருந்து வந்த படமா, அடோபி ஆர்ஜிபியா என்று தெரியவில்லை என்றால் கோப்பின் பெயரைப் பாருங்கள். முதல் எழுத்தே அண்டர்ஸ்கோராக இருந்தால் பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபியில் எடுத்தது. சில கேமராக்கள் ப்ரொஃபைலை உள்ளே வைக்காமல், எக்ஸிஃப் என்ற, கேமரா படத்தோடு எழுதிவைக்கும் குறிப்பில் ஒரு அடையாளத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்தப் படங்களுக்கும் முதலில் அசைன், பிறகு கன்வெர்ட்.

"52 கேபி இருக்கு, 50-க்குள்ள வேணும்"

இதுதான் ப்ரொஃபைல் கழற்றுவதற்கென்றே பிறந்த இடம். எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் போனால் 3 கேபி.  கூடவே எக்ஸிஃபுக்குள் 160-க்கு 120 அளவில் ஒரு குட்டிப் படம் ஒளிந்திருக்கும். அதையும் எடுத்தால் இன்னும் சில கேபி மிச்சம். தரத்தைத் தொடாமலேயே 45-க்குள் வந்துவிடும். மறுபடி திறந்து சேமித்தால் படம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும் என்பதால், இதற்கு எக்ஸிஃப்டூல் அல்லது ஜேபெக்ட்ரான் நல்லது. அவை புள்ளிகளைத் தொடாமல் ஒட்டியதை மட்டும் உரிக்கும்.

"இப்ப கம்மியா இருக்குன்னு திட்டுது"

கையெழுத்துப் படத்தில் வரும். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். இரண்டிலும் கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி என்று கீழ் எல்லையும் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்த படம் 12 கேபி இருந்திருக்கும், உரித்ததும் 8 ஆகிவிடும். தரத்தை ஏற்றுங்கள், அல்லது தாளைச் சற்று பெரிய பிக்சலில் வெட்டுங்கள். பிரப்பன்வலசைப் பையன் ஒருவன் கழற்றிய ப்ரொஃபைலையே மறுபடி ஒட்டி 11 கேபியாக்கி ஏற்றிவிட்டுப் போனான். தளம் வாங்கிக்கொண்டது! தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் என் கடையில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"கழற்றினேன், எடை அப்படியேதான் இருக்கு"

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயில் போவதையும் நடுப்பாலம் மேலே தூக்குவதையும் எடுத்த படங்களோடு தினம் ஒருவராவது வந்தார்கள். 4,000-க்கு 3,000 பிக்சல், 4 எம்பி. இதில் 3 கேபி ப்ரொஃபைலைக் கழற்றுவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விசைப்படகில் இருந்து ஒரு குடம் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டுப் படகு மிதக்கிறதா என்று பார்ப்பது போல. அகலத்தை 1,600-க்கு இறக்குங்கள். புள்ளிகள் ஆறில் ஒரு பங்கு ஆகும், எடையும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில் இறங்கும்.

பிக்சலும் குறைவு, ப்ரொஃபைலும் இல்லை, அப்படியும் கனக்கிறது என்றால், எடிட்டர்கள் படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸ்எம்பி குறிப்புகளைச் சந்தேகப்படுங்கள். போட்டோஷாப்பில் பல வருடமாக ஒரே டெம்ப்ளேட்டில் படத்தை ஒட்டி ஒட்டி வேலை செய்தால், ஒட்டிய ஒவ்வொரு கோப்பின் பூர்வீகமும் ஒரு பட்டியலாக உள்ளே சேர்ந்துகொண்டே போகும். சில டெம்ப்ளேட்டுகளில் அது எம்பி கணக்கில் வளர்ந்திருக்கும். நோட்பேடில் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி நீள எண்கள் வரிசையாகத் தெரியும். அதுதான். சேவ் ஃபார் வெப்பில் மெட்டாடேட்டா என்ற இடத்தில் நன், அதாவது எதுவும் வேண்டாம் என்று வைத்து வெளியே எடுங்கள், போய்விடும்.

"கழற்றினதும் ஆளு படுத்துக்கிட்டாரு"

செங்குத்தாக எடுத்த போன் படம், எல்லாவற்றையும் உரித்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். போன் பெரும்பாலும் படத்தைப் படுக்கையாகவே பதிந்துவிட்டு, காட்டும்போது திருப்பிக் காட்டு என்று எக்ஸிஃபில் ஓர் எண்ணை மட்டும் எழுதிவைக்கும். ப்ரொஃபைலோடு சேர்த்து அந்த எண்ணையும் துடைத்துவிட்டீர்கள். கட்டளை அடித்து இயக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் ஸ்ட்ரிப் கட்டளை இரண்டையும் சேர்த்தே துடைக்கும், அதனால் ஆட்டோ ஓரியண்ட் கட்டளையை அதற்கு முன்னால் போட வேண்டும். கிம்ப் திறக்கும்போது திருப்பவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். ப்ரொஃபைலை மட்டும் எடுத்தாலே போதும் என்றால் எக்ஸிஃபைத் தொடாதீர்கள், ஆள் நின்றபடியே இருப்பார்.

"எடுத்தேன், மறுபடி வந்து ஒட்டிக்கிச்சு"

எடுத்த பிறகு வேறு ஒரு செயலியில் திறந்து சேமித்திருப்பீர்கள். பெரும்பாலான எடிட்டர்கள் சேமிக்கும்போது தங்கள் ப்ரொஃபைலைத் தாங்களே வைத்துவிடும். கழற்றுவது எப்போதும் கடைசி வேலையாக இருக்கட்டும். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, பெயர் தேதி எழுதுவது எல்லாம் அதற்கு முன்னால்.

"கடைப் பக்கம் திறக்கவே நேரமாகுது"

கருவாடு விற்கிற ஒரு தளத்தில் நெத்திலி, சீலா, திருக்கை என்று 60 குட்டிப் படங்கள் ஒரே பக்கத்தில். ஒவ்வொன்றும் 8 கேபி, அதில் 3 கேபி எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல். ஒன்றில் 3 கேபி பெரிதாகத் தெரியாது. அறுபதில் 180 கேபி, பக்கத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தீவுப் பக்கம் டவர் ஒரு கோடு காட்டும் நேரத்தில் இந்த வித்தியாசம் கையில் தெரியும். இங்கே எல்லாவற்றிலும் கழற்றலாம். ப்ரொஃபைல் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு, எஸ்ஆர்ஜிபியையே 500 பைட் அளவில் சுருக்கி எழுதிய குட்டி ப்ரொஃபைல்களும் உண்டு. பெரிய படங்களுக்கு இந்தச் சிரமம் வேண்டாம்.

"அச்சுக்கு அனுப்பினேன், நிறம் மாறி வந்துச்சு"

இது நான் செய்த தவறு. தங்கச்சிமடத்து மாதா கோயில் திருவிழாவுக்கு அழைப்பிதழ். படங்களை மெயிலில் அனுப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று, கை பழகிய வேகத்தில் எல்லாவற்றிலும் ப்ரொஃபைலை உரித்து அனுப்பிவிட்டேன். தேரின் நீலப் பட்டு ஊதாவாக அடித்து வந்தது. அச்சகத்தில் திறந்தவர் தன் மென்பொருள் சொன்ன ப்ரொஃபைலை வைத்துக்கொண்டார், அவர் வேறு என்ன செய்வார்? அறுநூறு பிரதியைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது, காசு என் கையில் இருந்து.

அன்றிலிருந்து கணினியில் இரண்டு ஃபோல்டர். ஏற்றுவதற்கு என்று ஒன்று, அதில் உரித்த படங்கள். மூலம் என்று மற்றொன்று, அதில் கேமராவில் இருந்து வந்தது வந்தபடி. ஆல்பமோ அழைப்பிதழோ ஃப்ளெக்ஸோ, அச்சுக்குப் போவது எதுவானாலும் மூலத்தில் இருந்து, ப்ரொஃபைலோடு அப்படியே பென்டிரைவில் போய்விடும்.